இணையத்தில் தேடச் சொன்னால் எல்லாரும் ஒரே பத்தியைக் கொண்டுவருகிறார்கள், என்ன செய்யலாம்?

கரும்பலகை:
எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். "புளூட்டோவைப் பற்றி இணையத்தில் தேடி ஒரு பக்கம் எழுதி வாருங்கள்" என்றேன். 32 தாள்களில் 20க்கு மேல் ஒரே விக்கிப்பீடியா பத்தி. ஒரு பையன் வரிக் கடைசியில் இருந்த [3], [4] எண்களையும் சேர்த்துக் கையால் எழுதியிருந்தான்! அவ்வளவு அழகான கையெழுத்து, திட்டவும் மனசு வரவில்லை. எங்கே தவறு?

குறுக்குக்கேள்வி:
பையன் மேல் தவறில்லை. ஒரே பக்கத்தில் விடை இருந்தால் பார்த்து எழுதத்தான் செய்வான். கேள்வியை மாற்றுங்கள்: "புளூட்டோவை மறுபடி கோள் பட்டியலில் சேர்க்கலாமா?" 2006இல் சர்வதேச வானியல் ஒன்றியம் மூன்று நிபந்தனை வைத்தது: சூரியனைச் சுற்ற வேண்டும், தன் ஈர்ப்பாலேயே உருண்டையாகியிருக்க வேண்டும், தன் பாதையைச் சுத்தப்படுத்தியிருக்க வேண்டும் (அதாவது, அந்த வட்டாரத்தில் தன் ஈர்ப்புப் பிடிக்கு அடங்காத பெரிய பொருள் வேறு இருக்கக் கூடாது). மூன்றாவதில்தான் புளூட்டோ மாட்டியது. புளூட்டோ அளவே இருக்கும் ஏரிஸ் என்ற குறுங்கோளைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான மைக் பிரவுன் இந்த முடிவை ஆதரிக்கிறார்; புளூட்டோவை நெருங்கிப் பார்த்த நியூ ஹொரைசன்ஸ் விண்கலத் திட்டத்தை நடத்தும் ஆலன் ஸ்டெர்ன் எதிர்க்கிறார். இனி காப்பியடிப்பதென்றாலும் யாரைக் காப்பியடிப்பது என்று யோசித்தாக வேண்டும்.

பழைய வாத்தியார்:
இந்த வகைக்கு வெப்குவெஸ்ட் என்று பெயர். 1995இல் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பெர்னி டாட்ஜ் உருவாக்கியது. தேடுவதில் நேரம் போகக் கூடாது, கிடைத்ததை வைத்து யோசிப்பதில் போக வேண்டும். அதனால் இணையப் பக்கங்களின் சுட்டிகளை நீங்களே கொடுத்துவிடுங்கள், ஐந்தாறு போதும். மதிப்பெண் எதற்கு என்பதையும் முதலிலேயே சொல்லுங்கள். "எதிர்த்தரப்பின் வலுவான வாதம் எது, உன் பதில் என்ன" என்பதற்கே நான் பாதி மதிப்பெண் வைப்பேன்.

கரும்பலகை:
(ஒரு வாரம் கழித்து) செய்து பார்த்தேன். வானியலாளர், பாடநூல் ஆசிரியர், விண்கலப் பொறியாளர் என்று குழுவுக்கு ஒரு வேடம். முதல் 15 நிமிடம் முகவரிகளைத் தட்டுவதிலேயே போய்விட்டது. அப்புறம் பரவாயில்லை. 1979 முதல் 1999 வரை புளூட்டோ நெப்டியூனைவிடச் சூரியனுக்குப் பக்கத்தில் இருந்ததை ஒரு மாணவி படித்துவிட்டு, "அப்படியென்றால் நெப்டியூனும் பாதையைச் சுத்தப்படுத்தவில்லைதானே, அதையும் தூக்கிவிடலாமா?" என்றாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஆனால் ஒரு குழு படித்தது அடுத்த குழுவுக்குத் தெரியவே இல்லை.

குறுக்குக்கேள்வி:
அடுத்த வகுப்புக்கு அந்தக் கேள்வியையே வையுங்கள்! துப்பு: நெப்டியூன் சூரியனை 3 முறை சுற்றும் நேரத்தில் புளூட்டோ 2 முறை சுற்றுகிறது. யார் பிடியில் யார்? சுட்டிகளை ஒரே பக்கத்தில் போட்டு கியூஆர் கோடாக ஒட்டிவிடுங்கள். அப்புறம் குழுக்களைக் கலைத்து, வேடத்துக்கு ஒருவராகப் புதுக் குழு சேருங்கள். முடிவை அந்தக் குழுதான் எழுத வேண்டும்.

சந்தேகப்பேர்வழி:
சாட்ஜிபிடியைக் கேட்டு எழுதி வந்தால்?

பழைய வாத்தியார்:
வரட்டும். ஒவ்வொரு கருத்தும் நீங்கள் கொடுத்த பக்கங்களில் எந்த வரியிலிருந்து வந்தது என்று ஓரத்தில் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு வகுப்பில் வாய்மொழியாக ஒரே ஒரு கேள்வி.

கரும்பலகை:
சரி, கியூஆர் அச்சடித்தாயிற்று. வியாழக்கிழமை மூன்றாம் பாடவேளை. அந்த [3], [4] பையன்தான் இந்த முறை பாடநூல் ஆசிரியர்.