280 சனிக்கிழமை போன கடையில் உட்கார இடமில்லை. போய்ப் பேசவா, விட்டுவிடவா?

உச்சிப்புளிக்காரி:

கடைப் பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். மண்டபம் போகிற வழியில் வடகடல் பக்கம் இருக்கிற ஒரு மீன் சாப்பாட்டுக் கடை. அவ்வளவு போதும். நானும் அப்பாவும் ஏழு வருஷமாகச் சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு அங்கேதான் போகிறோம். நான் ஐஸ் பிளான்ட்டில் கணக்கு எழுதுகிறவள், எதையும் கூட்டிப் பார்க்காமல் இருக்க வராது. காய்ச்சல், மழை, ஊர்த் திருவிழா எல்லாம் கழித்து வருஷத்துக்கு 40 சனிக்கிழமை என்று வைத்தாலும் 280 தடவை. (சனிக்கிழமையில் மீனா என்று அத்தை இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். அம்மா இருந்தவரை நாங்களும் தொட்டதில்லை.)

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடைக்காரர் பாட்டு ஆரம்பித்தார். பரமக்குடியிலிருந்து மூன்று பையன்கள் வருவார்கள். ஒருவன் கிடார், ஒருவன் ரிதம் பேட், ஒருவன் பாடுவான். முதல் வாரம் கேட்டவர்கள் நாங்கள் இரண்டு பேர், ஒரு மீன் லாரி டிரைவர், கடை வாட்ச்மேன். ஒரே ஒரு சின்ன பாக்ஸ். அப்பாவுக்குக் காது மந்தம். பழைய பாம்பன் பாலத்தில் கப்பல் போவதற்காகத் தூக்குப் பாலத்தை ஆட்கள் கையால் சுற்றித் திறப்பார்களே, அந்த வேலை பார்த்தவர்களில் ஒருவர். இப்போது காது மெஷின் வைத்திருக்கிறார். பாடுகிற பையன் அதைக் கவனித்துவிட்டு ஸ்டூலை எங்கள் மேசைப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு பாடுவான். அவன் வரியை மாற்றிப் பாடினால் அப்பா திருத்துவார். ஒரு தடவை சரணத்தை அவரே பாடிக் காட்டினார். சுருதி எங்கேயோ போய்விட்டது, பேட் வாசித்தவன் மட்டும் விடாமல் கூடவே போனான்.

போன சனிக்கிழமைக்கு வருகிறேன். மே மாதம், பள்ளிக்கூட லீவு. 2022 டிசம்பரில் நின்ற ராமேஸ்வரம் ரயில் 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்ததும் மறுபடி வந்ததிலிருந்தே எங்கள் பக்கம் வெளியூர் ஆள் அதிகம். அது தெரிந்துதான் புதன்கிழமையே போன் செய்தேன். கடைக்காரரின் மகன் எடுத்தான். "அக்கா, உங்களுக்கு இல்லாமலா" என்றான். பூவரச மரத்தடி மேசை, இரண்டு பேர், ஏழே கால். மூன்றையும் திருப்பிச் சொன்னான்.

ஏழே காலுக்குப் போனால் வாசலில் கயிறு கட்டியிருக்கிறது. தலைக்கு 300 ரூபாய் கூப்பன். பில்லில் கழித்துக்கொள்வார்களாம். உள்ளே 12 மேசை இருந்த இடத்தில் மணல் முழுக்க பிளாஸ்டிக் நாற்காலி, எப்படியும் 200 பேர். பூவரச மரத்தடியில் மூன்று மேசையை ஒட்டிப் போட்டு ஒரு பிறந்தநாள் கூட்டம் உட்கார்ந்திருந்தது. நாங்கள் 50 நிமிஷம் நின்றோம். கடைக்காரர் எங்களைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கையைத் தூக்கி ஒரு ஆட்டு ஆட்டினார், பஸ்ஸில் போகிறவருக்கு ஆட்டுவது மாதிரி. அப்புறம் அந்தப் பிறந்தநாள் கூட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

கடைசியில் கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில், ஜெனரேட்டரை ஒட்டி இடம் கொடுத்தார்கள். பாட்டா? அடியும் இரைச்சலும்தான் வந்தது. பாடுகிற பையனுக்கே அவன் குரல் கேட்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நடுவில் அவனை நிறுத்தி மூன்று தடவை பிறந்தநாள் பாட்டுப் பாட வைத்தார்கள். அப்பா மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாடு வர ஒரு மணி நேரம். சீலா மீன் துண்டு பஞ்சு மாதிரி பிய்ந்தது. ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது, நாட்டுப்படகு கொண்டுவருகிற மீன் 200 பேருக்குக் காணாது, அது எனக்கும் தெரியும். இல்லையென்றால் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஐஸ் பிளான்ட்டில் வேலை பார்க்கிறவளிடமே ஐஸ் மீனைப் பச்சை மீன் விலைக்கு விற்றார்கள். பில்லில் 10 சதவீதம் சேவைக் கட்டணம் வேறு, இதுவரை அங்கே பார்த்திராதது.

கூட்டம் வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. கடை நன்றாக ஓடட்டும். இடம் இல்லை என்று வெள்ளிக்கிழமை ஒரு போன் செய்திருந்தால் வீட்டில் ரசம் வைத்துச் சாப்பிட்டிருப்போம். அதுதான் ஆறமாட்டேன் என்கிறது. நேரில் போய்ப் பேசுவதா, கூகுள் மேப்பில் ஒரு நட்சத்திரம் போட்டு எழுதுவதா, பேசாமல் கடையை மாற்றிக்கொள்வதா? பேசுவதென்றால் என்ன கேட்பது? பணம் திரும்ப வேண்டாம்.

பழைய சப்ளையர்:

அக்கா, ஈ.சி.ஆர். ஓரக் கடைகளில் எட்டு வருஷம் சப்ளையராக இருந்தவன் சொல்கிறேன். முதலில், சனி, ஞாயிறு போய்ப் பேசாதீர்கள். செவ்வாய்க்கிழமை மூன்றரை, நாலு மணிக்குப் போங்கள். மதியச் சாப்பாடு முடிந்து, ராத்திரிக்கு அடுப்பு ஏற்றாத நேரம். முதலாளி கல்லாவில் சும்மா உட்கார்ந்திருப்பார், காது கொடுப்பார்.

அந்தப் பையன் உங்களை ஏமாற்ற நினைத்திருக்க மாட்டான். போனில் சரி என்று சொல்லியிருப்பான், நோட்டில் எழுதியிருக்க மாட்டான். சனிக்கிழமை மேசை பிரிக்கிறவன் நோட்டைத்தான் பார்ப்பான். அதனால் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "என் பெயர் நோட்டில் இருந்ததா?" இருந்தும் கொடுத்துவிட்டார்கள் என்றால் அது வேறு கதை.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. கூட்ட நாளில் யாரை நிற்க வைப்பது என்று வந்தால் நாங்கள் தெரிந்தவர்களைத்தான் நிற்க வைப்போம். புது ஆள் சத்தம் போடுவான், வீடியோ எடுப்பான், கூப்பனைத் திருப்பிக் கேட்பான். பழகினவர் பொறுத்துக்கொள்வார் என்று தெரியும். நானே செய்திருக்கிறேன். ஒரு வாத்தியாரும் அவர் வீட்டம்மாவும் மாதம் இரண்டு தடவை வருவார்கள், அவர்களை எத்தனையோ தடவை சமையல்கட்டு வாசலில் உட்கார வைத்திருக்கிறேன். ஒரு நாள் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று எங்கள் முதலாளிக்குத் தெரியவே தெரியாது. அதனால் சொல்லிவிடுங்கள். நட்சத்திரம் போட்டால் அதற்கு மன்னிப்புப் பதில் எழுதுவது கடையில் வேலை பார்க்கிற எவனோ ஒரு பொடியனாகத்தான் இருப்பான். முதலாளி படிக்க மாட்டார்.

சாப்பாடு தாமதத்துக்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. 12 மேசைக்கு வாங்கின ஒரே பரோட்டாக் கல்லு, ஒரே மாஸ்டர். பாட்டைப் பெரிதாக்குகிறவர்கள் அடுப்பைப் பெரிதாக்குவதில்லை.

மைக்செட் காக்கா, கீழக்கரை:

தங்கச்சி, சாப்பாட்டு விஷயத்தில் நான் தலையிடவில்லை. பாட்டு ஏன் கேட்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். 26 வருஷமாகக் கல்யாணம், கந்தூரி, திருவிழா எல்லாவற்றுக்கும் ரேடியோ செட் கட்டுகிறவன்.

முதல் கேள்வி, மேலே தகரமா கீற்றா? நிச்சயம் தகரம் போட்டிருப்பார்கள். கீற்று சத்தத்தைக் குடித்துவிடும், தகரம் அப்படியே திருப்பி அடிக்கும். 200 பேர் பேசுகிற பேச்சு மேலே போய்த் திரும்பி வந்து பாட்டின் மேல் விழும். உடனே மிக்ஸரில் இருக்கிற பையன் சத்தத்தை ஏற்றுவான். ஜனங்கள் அதற்கு மேல் கத்திப் பேசுவார்கள். அவன் இன்னும் ஏற்றுவான். கல்யாண வீட்டில் தினமும் பார்க்கிற சண்டை இது, இதில் மைக்செட் ஜெயித்ததே கிடையாது.

இரண்டாவது, பெரிய பாக்ஸ் இரண்டை மேடை ஓரம் வைத்து அடித்திருப்பார்கள். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். கடைசி வரிசைக்கு எட்டணும் என்று ஏற்றினால் முன்வரிசைக்குக் காது கிழியும். சின்ன பாக்ஸ் ஆறு வாங்கி, மேசைகளுக்குப் பக்கத்தில் தலை உயரத்தில் கட்டி, மெல்ல வைத்தால் போதும். எல்லோருக்கும் வார்த்தை புரியும், பேசுகிறவர்களும் பேசிக்கொள்ளலாம். பாடுகிறவனுக்குக் காலடியில் அவன் குரல் கேட்க ஒரு மானிட்டர் வேண்டும். இல்லாதவன் கத்தத்தான் செய்வான்.

மே மாதம் சோளகக் காற்று ஆரம்பித்துவிடும், மைக் வாயில் பஞ்சு உறை போட்டார்களா? போடவில்லை என்றால் 'புஃப், புஃப்' என்று நீங்கள் சொல்கிற அந்த அடியில் பாதி காற்றுதான்.

அத்தாவுக்கு ஒரு வார்த்தை. எங்கள் வாப்பாவுக்கும் காது மெஷின்தான். கூட்டத்தில் அது எல்லாச் சத்தத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும். ஆனால் முன்பக்கச் சத்தத்தை மட்டும் கூட்டிக் கொடுக்கிற அமைப்பு நிறைய மெஷினில் இருக்கிறது. வாங்கின இடத்தில் கேட்டால் அதற்குத் தனியாக ஒரு புரோகிராம் போட்டுத் தருவார்கள். அப்புறம் மூலையில் உட்காராமல், முன்வரிசையில், கூட்டம் முதுகுக்குப் பின்னால் இருக்கிற மாதிரி உட்காரணும். ஜெனரேட்டர் பக்கம் ஆகவே ஆகாது.

பாம்பன் ரோடு:

மேடம், ஒரு பக்கம்தான் பேசுகிறீர்கள். தடைக்காலத்தில் இந்தக் கரையில் கடை நடத்துகிறவனுக்கு மீன் விலை இரண்டு மடங்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈ ஓட்டுவான். மே மாதத்து நாலு சனிக்கிழமையில் சம்பாதித்தால்தான் உண்டு. நீங்கள் இரண்டு பேர் 600 ரூபாய்க்குச் சாப்பிட்டுவிட்டு மூன்று மணி நேரம் பாட்டுக் கேட்பீர்கள். பிறந்தநாள் கூட்டம் 10,000 ரூபாய் கொடுத்திருக்கும். நீங்கள் முதலாளியாக இருந்தால் யாருக்கு மேசை கொடுப்பீர்கள்?

உச்சிப்புளிக்காரி:

தம்பி, பிறந்தநாள் கூட்டத்துக்குத்தான் கொடுப்பேன். கொடுத்துவிட்டு அந்த அக்காவுக்கு ஒரு போன் செய்வேன். போன் காசு மிச்சமென்று பார்த்தாலும், ஐப்பசி மழையில் அந்தக் கடையில் ஈ ஓட்டினபோது கூடவே உட்கார்ந்து ஓட்டினவர்கள் நாங்கள்தான். 600 ரூபாய் என்று எப்படிச் சரியாகச் சொன்னீர்கள்? 640.

காக்கா, தகரம்தான். போன வருஷம்வரை கீற்று. உங்கள் ஊர் வழக்கத்தில் 'அத்தா' என்று எழுதியதை அப்பாவிடம் காட்டினேன், சந்தோஷப்பட்டார்.

கணக்குப்பிள்ளை:

சேவைக் கட்டணம் பற்றி மட்டும். கடை அதைத் தானாகப் பில்லில் போடக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4இல் வழிகாட்டுதல் கொடுத்தது. ஹோட்டல்காரர்கள் எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2025 மார்ச் 28இல் தில்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்றது. எடுத்துவிடுங்கள் என்று அங்கேயே சொல்லலாம், எடுக்காவிட்டால் 1915 என்ற எண்ணில் புகார். கூப்பன் வேறு, வாசலிலேயே சொல்லி வாங்குவது.

எத்தனை மணிவரை அடித்தார்கள்? திறந்தவெளியில் ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கு நிற்க வேண்டும், 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதி.

உச்சிப்புளிக்காரி:

பத்தே முக்கால்வரை. நாங்கள் ஒன்பதரைக்குக் கிளம்பிவிட்டோம், சத்தம் மட்டும் ரயில்வே கேட்வரை கூடவே வந்தது.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குப் போய்வந்தேன், சப்ளையர் தம்பி சொன்னபடியே. கடைக்காரர் தனியாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நோட்டைக் கேட்டேன். எடுத்துப் பார்த்தார். சனிக்கிழமைப் பக்கத்தில் என் பெயர் இருந்தது. புதன்கிழமையே எழுதியிருக்கிறான் பையன், அதன் மேல் வேறு பேனாவில் ஒரு கோடு. கோடு யார் போட்டது என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரிந்துவிட்டது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"உங்களுக்குப் போன் பண்ண வெட்கமா இருந்துச்சு. வந்தா எங்கயாவது உட்கார வச்சிரலாம்னு நெனச்சேன்" என்றார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. சேவைக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார், வாங்கவில்லை, இனி யாருக்கும் போடாதீர்கள் என்றேன். தகரத்தை எடுக்க மாட்டாராம், போட்ட காசு இன்னும் வரவில்லை. அதன் கீழே கீற்றுத் தட்டி கட்டலாமா என்று கேட்டார். காக்கா, அதற்குப் பலன் உண்டா, சொல்லுங்கள். மைக் பஞ்சு பற்றிச் சொன்னேன், அப்படி ஒன்று இருப்பதே தெரியாதாம்.

சனிக்கிழமை இனிமேல் இப்படித்தான் இருக்கும் என்று நேராகவே சொல்லிவிட்டார். வேண்டுமானால் வியாழக்கிழமை அந்தப் பையன்களில் இரண்டு பேரை வரச் சொல்கிறாராம், மைக் இல்லாமல், ஒரு மணி நேரம். பேட் வாசிக்கிறவனுக்கு மட்டும் வியாழக்கிழமை ராமநாதபுரத்தில் வேறு வேலை இருக்கிறது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். மெஷினை மாட்டிக்கொண்டு மறுபடி சொல்லச் சொன்னார். "பேட் பையன் இல்லேன்னா எனக்கு யார் கூட வருவா" என்றார். அப்புறம் காலண்டரைப் பார்த்தார். ஜூன் 15க்கு மேல் ஒரு வியாழக்கிழமை போய்ப் பார்க்கலாமாம், புது மீன் வந்திருக்கும்.

மைக்செட் காக்கா, கீழக்கரை:

பலன் உண்டு தங்கச்சி. தட்டியைத் தகரத்தோடு ஒட்டிக் கட்டாமல் ஒரு சாண் இடைவெளி விடச் சொல்லுங்கள். அடுப்புப் பக்கம் மட்டும் கீற்று வேண்டாம், ஒரு பொறி போதும்.