ஆட்டிசம் உள்ள மகனுக்குப் பள்ளி தேடுகிறேன்: வகுப்பறையில் எதைப் பார்ப்பது?

வணக்கம். ஊர் மதுரை. மகனுக்கு 4 வயது. ஆட்டிசம் என்று போன ஆகஸ்டில் உறுதியானது. பேச்சு நாலைந்து சொற்கள்தான். மிக்ஸி ஓடினாலே காதைப் பொத்திக்கொள்வான். ஜூனில் சேர்க்கணும்.

மூன்று மழலையர் பள்ளி பார்த்தாச்சு. முதலாவது தகரக் கூரை, 35 பிள்ளைகள், ஒரே டீச்சர். பத்தே நிமிஷத்தில் இவன் மேசைக்கடியில். அடுத்ததில், "சேர்த்துக்கிறோம், நீங்களும் கூடவே உட்காரணும்" என்றார்கள். மூன்றாவதில்தான் குழப்பம். சுவரில் அன்றாட வேலைகளுக்கான பட அட்டவணை, அவ்வளவு அழகு. கிட்டப்போய்ப் பார்த்தால் அட்டைகள் மேல் தூசி, ஒன்றுகூட நகர்ந்த தடமில்லை. வர்றவங்க பார்க்கட்டும்னு மாட்டி வச்சது போல.

வகுப்பறையின் தரத்தை அளக்கும் ஈசிஇஆர்எஸ் (ECERS) அளவுகோலைப் படித்தேன். 1 முதல் 7 வரை மதிப்பெண், ஆனால் பொதுவான முன்பள்ளிக்கானது. ஆட்டிசத்துக்கென்றே இருக்கும் ஏபிஇஆர்எஸ் (APERS) அளவுகோல், பயிற்சி பெற்றவர்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து கவனித்து மதிப்பெண் போடுவது. எனக்குக் கிடைப்பதோ அரை மணி நேரம். தெரபிஸ்ட், "உங்களுக்குப் பிடிச்ச இடத்துல போடுங்க" என்று முடித்துவிட்டார்.

அந்த அரை மணி நேரத்தில் எந்த மூன்று விஷயத்தைக் கவனித்தால் அந்த வகுப்பறை இவனுக்குச் சரிப்படுமா என்று தெரியும்?