மறுமொழி: ‘கல்ச்சுரல் சேஃப்டி’ தமிழில்?

அன்புள்ள குழுவினருக்கு,

நியூசிலாந்து முதியோர் இல்லங்களில் வேலை செய்யும் தமிழர்களுக்கான பணியிடக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் வரும் ‘கல்ச்சுரல் சேஃப்டி’யைத் தமிழில் எப்படிச் சொல்வது? பராமரிப்பு தன் பண்பாட்டை மதித்துப் பாதுகாப்பாக இருந்ததா என்பதைப் பெறுபவரே சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். நியூசிலாந்தின் பூர்வகுடியான மாவோரி இனத்துச் செவிலியர் இரிஹாபெட்டி ராம்ஸ்டென் வளர்த்தெடுத்த இந்தக் கருத்தை 1992இல் அந்நாட்டுச் செவிலியர் மன்றம் செவிலியர் கல்வியில் சேர்த்தது. ‘பண்பாட்டுப் பாதுகாப்பு’ என்று போட்டேன். மெய்ப்புப் பார்த்தவர், “நடனம், பாட்டெல்லாம் அழியாமல் காப்பதா?” என்கிறார்.

---

> பண்பாட்டுப் பாதுகாப்பு

இரண்டாம் வேற்றுமைத் தொகையாகத்தான் விரியும்: பண்பாட்டைப் பாதுகாத்தல். இங்கே காக்கப்படுவது ஆள். ‘பண்பாட்டு ஏமம்’ எனலாம். ஏமம் என்றால் காவல். நாட்டுக்கு அணியான ஐந்தில் ஏமமும் ஒன்று (குறள் 738). 306இல் ‘இனமென்னும் ஏமப் புணை’. சுற்றத்தையே தெப்பமாகச் சொன்ன இடம். ஏமாப்பு என்றாலும் காவல்தான் (126).

---

> ஏமம்

இரவுப் பணியில் இருப்பவர் ‘ஏமப் பணியிடம்’ என்பதை ஏமாற்றுப் பணியிடம் என்றே படிப்பார். மாவோரி மொழியில் கல்ச்சுரல் சேஃப்டிக்குப் பெயர் ‘காவா ஃபகாருருஹாவ்’. ‘ருருஹாவ்’ என்றால் ஒதுங்குமிடம். ‘பண்பாட்டு நிழல்’ பொருந்தாதா?

---

யாருடைய நிழல்? அண்டிப் பிழைப்பதாக ஆகிவிடும்.

கையேட்டைப் பாருங்கள். சாப்பாட்டு மேசைமேல் உட்காரக் கூடாது, தலையணையை அதன்மேல் வைக்கக் கூடாது, முகம் துடைத்த துணியைச் சமையலறைத் துணிகளோடு துவைக்கக் கூடாது. இவை பண்பாட்டு அறிவு, மனப்பாடம் செய்யலாம். பாதுகாப்பாக இருந்ததா என்று சொல்ல வேண்டியவர் எதிரே இருக்கும் மாவோரி. துக்க விடுப்பில் இது பளிச்சென்று தெரியும். 2003ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டப்படி நெருங்கிய உறவுக்கு 3 நாள். மற்றவர்களுக்கு 1 நாள், அதுவும் முதலாளி ஏற்றால். ஏற்கும்போது ஊழியரின் பண்பாட்டுக் கடமையையும் கணக்கில் எடுக்க வேண்டும். மாவோரி இறுதிச் சடங்கான ‘தாங்கி’ பெரும்பாலும் மூன்று நாள் நடக்கும். “உனக்கு அவர் என்ன உறவு?” என்று மேலாளர் இழுக்கும் இடத்தில்தான் எல்லாம் கெடுகிறது. அனுபவிப்பவர் தெரியும்படி ‘பண்பாட்டுப் பாதுகாப்புணர்வு’ என்று போடுங்கள்.

---

நன்றி. மூவர் தனிமடலிலும் இதையே சொன்னார்கள். ‘பாதுகாப்புணர்வு’ என்றே போகிறது. கையேட்டில் மாவோரிகளைக் குறித்த ‘பழங்குடி’யை எடுத்துவிட்டு ‘மண்ணின் மக்கள்’ ஆக்கியிருக்கிறேன். மாவோரிகள் தங்களைச் சொல்லும் ‘தாங்கட்டா ஃபெனுவா’ என்பதற்கு நேர்ப்பொருள் அதுதான்.

---

> பாதுகாப்புணர்வு

எனக்கு உடன்பாடில்லை. ‘உணர்வு’ என்று எழுதிக் கொடுத்தால், “அது உன் உணர்வு, இங்கே குறை ஒன்றுமில்லை” என்று அதே மேலாளர் கையை விரிப்பார். அடுத்த பதிப்பிலாவது ஏமத்தைப் பரிசீலியுங்கள்.