புதுப்பிப்பு: ராஜகிரிய வீட்டுக்கு வந்தது சிறுத்தை அல்ல

இரண்டு வாரங்களுக்கு முன், கொழும்பை அடுத்த ராஜகிரியவில் கால்வாயோரமுள்ள எங்கள் வீட்டின் பின்வளவில் ஏதோ ஒரு விலங்கு எங்கள் பொமரேனியன் நாயின் காதைக் கிழித்துவிட்டுச் சென்றதாகவும், அது சிறுத்தைக்குட்டி என அயலவர்கள் உறுதியாகச் சொன்னதாகவும் எழுதியிருந்தேன். அன்றிரவே நாய்க்குத் தையல் போட்டு, விசர்நோய்த் தடுப்பூசியும் ஏற்றினோம், இப்போது நலம்.

பின்மதிலில் பொருத்திய கமராவில் மூன்றாம் இரவு அது தெரிந்தது. சாம்பல் கலந்த பழுப்பு உடலில் வரிசையாகக் கரும்புள்ளிகள், குட்டையான தடித்த வால். அது கொடுப்புலி, அதாவது மீன்பிடிப் பூனை. சிங்களத்தில் இதை ‘ஹந்துன் திவியா’ என்பார்கள்; ‘திவியா’ என்றால் சிறுத்தை என்பதால் குழப்பம் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. 2018 இல் ராம்சார் எனும் சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்ட கொழும்பின் சதுப்புகளிலும் கால்வாய்களிலும் இவை வாழ்கின்றன. பெரும்பாலும் மீனைத் தின்னும் இவ்விலங்கு எங்கள் தொட்டியின் ஜப்பான் மீன்களுக்காகவே வந்திருக்க வேண்டும். இரவில் அவிழ்த்துவிட்ட நாய்தான் அதை மூலையில் மடக்கியிருக்கிறது என்றே இப்போது நினைக்கிறேன்.

கூண்டு வைக்கச் சொன்ன பக்கத்து வீட்டு அங்கிளுக்கு, இது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு என்று விளக்கியபோது அவர் சற்றுக் கோபித்துக்கொண்டார். தொட்டிக்குக் கம்பிவலை போட்டாயிற்று. நாய் இரவில் உள்ளே படுக்கிறது, என் கட்டிலில்.