நுரையீரல் இம்யூனாலஜியில் போஸ்ட்டாக், சேரலாமா?

வெண்ணாற்றுக்காரி:
வணக்கம். ஊர் நீடாமங்கலம் பக்கம். போன மாதம்தான் பிஎச்.டி. வைவா முடிந்தது, குடல் இம்யூனாலஜியில், அதாவது குடலின் நோய் எதிர்ப்பு பற்றிய துறையில். இப்போது சென்னையில் ஒரு லேபில் போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சி வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைட்டிஸ், அதாவது தூசியும் பூஞ்சணமும் மூச்சில் போய்ப் போய் நுரையீரல் அழற்சியாகிற நோய். நுரையீரலை நான் தொட்டதே இல்லை. அப்பாவுக்கு நான் மறுபடி படிக்கப் போகிறேன் என்றுதான் படுகிறது, சம்பளம் உண்டு என்றால் எத்தனை வருஷத்துக்கு என்கிறார், அதற்கு என்னிடம் பதில் இல்லை. உள்ளே இருந்தவர்கள் சொல்லுங்கள், நாள் எப்படிப் போகும், சேருமுன் என்ன கேட்க வேண்டும்?

குடந்தை_ஐஸ்பெட்டி:
நாலு வருஷம் இருந்துவிட்டு வெளியே வந்தவன். உங்கள் நேரத்தை முடிவு செய்வது லேபின் தலைவரான பி.ஐ. இல்லை, மூச்சுக்குழாய்க்குள் கருவி விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பி அறை. நுரையீரலுக்குள் சலைன் விட்டு உறிஞ்சி எடுத்த பி.ஏ.எல். திரவம் ஐஸில் வந்து சேர மத்தியானம் ஆகிவிடும், செல்லை அன்றைக்கே பிரித்து ஸ்டெயின் போட்டாக வேண்டும், வீட்டுக்குப் போக மணி ஒன்பது. குழாயின் மேலே சர்ஃபாக்டன்ட் (நுரையீரலின் காற்றறைகளுக்குள் படிந்திருக்கும் சோப்பு மாதிரியான பொருள்) நுரை நிற்கும், ஆற்றில் புதுத்தண்ணீர் வரும்போது முன்னால் தள்ளிக்கொண்டு வருமே, அதே மாதிரி. விறகடுப்பில் சமைத்த அம்மாக்களின் மேக்ரோஃபேஜுக்குள், அதாவது தூசியை விழுங்கும் செல்லுக்குள், கரி புள்ளி புள்ளியாகத் தெரியும். முதல் தடவை பார்த்தபோது எங்கள் வீட்டு அடுப்படிதான் ஞாபகம் வந்தது.

குடலிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நுரையீரல் மேக்ரோஃபேஜ் சாயம் போடாமலே ஒளிரும். அதை பாசிட்டிவ் என்று நம்பி மூன்று மாதம் வீணாக்கினேன். அதே நோயாளியின் சாயம் போடாத செல்லைப் பக்கத்தில் ஓட்டாமல் எந்த ஃப்ளோ படத்தையும் (செல்லின் ஒளிர்வை அளக்கும் கருவி தருவது) நம்பாதீர்கள்.

அப்புறம், மாதம் எத்தனை சாம்பிள் உண்மையாக வருகிறது என்று பி.ஐ.யிடம் கேட்காதீர்கள், அங்கே இருக்கும் மாணவர்களிடம் கேளுங்கள். என்னிடம் வாரத்துக்கு ரெண்டு என்றார்கள். எட்டு மாதத்தில் வந்தது பதினொன்று. மிச்ச நாளெல்லாம் எலிதான்.

மாயவரம்_அக்கா:
மேலே காசைப் பற்றி யாரும் பேசவில்லை. 2023 ஜனவரியிலிருந்து ஆர்.ஏ., அதாவது ரிசர்ச் அசோசியேட், முதல் நிலைக்கு மாதம் 58,000, மூன்றாம் நிலைக்கு 67,000, வீட்டு வாடகைப் படி தனி. தொகை மோசமில்லை தங்கச்சி, எப்போது வரும் என்பதுதான் கேள்வி. நான் இருந்த இடத்தில் ஐந்து மாதம் வராமல் ஒரே நாளில் மொத்தமாக வந்தது, நடுவில் வாடகைக்கு வளையலை அடகு வைத்தேன். ப்ராஜெக்ட் எந்த மாதம் முடிகிறது என்று எழுத்தில் வாங்கிக்கொள். அப்பா கேட்டதற்கு அதுதான் பதில்.

நெஞ்சுமருத்துவர்_தஞ்சை:
நான் லேப் ஆள் இல்லை, ஆனால் இந்த நோய் நம் ஊரில் இல்லை என்று நினைத்துக்கொண்டு போகாதேம்மா. 1932-இல் இங்கிலாந்தில் கேம்ப்பெல் என்ற மருத்துவர் ஈர வைக்கோலைக் கையாண்ட விவசாயிகளிடம் பார்த்து எழுதியது இதைத்தான். அறுத்த வைக்கோல் மழையில் நனைந்து போராகக் கிடந்தால் உள்ளே சூடேறும், அந்தச் சூட்டில் ஆக்டினோமைசீட்டு என்ற பாக்டீரியா பெருகும். உதறும்போது வெள்ளையாகப் பறக்கிற தூசி அதுதான். நாலிலிருந்து எட்டு மணி நேரம் கழித்துக் காய்ச்சல், குளிர், இருமல். வேலையை நிறுத்தினால் ஓரிரு நாளில் சரியாகிவிடும், அதனால் யாரும் வைக்கோலைச் சந்தேகிப்பதில்லை. ஆஸ்துமா மாதிரி ஐஜி-இ என்ற ஒவ்வாமை ஆன்டிபாடியின் சமாச்சாரம் இல்லை இது, டி செல் என்ற வெள்ளணுவும் ஐஜி-ஜி என்ற வேறு ஆன்டிபாடியும் செய்கிற வேலை. வருஷக்கணக்கில் விட்டால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும், எக்ஸ்ரேயில் நிழலைப் பார்த்துவிட்டு டி.பி. மருந்து சாப்பிட்டுக்கொண்டே என்னிடம் வந்தவர்கள் உண்டு. 2017-இல் வந்த இந்தியப் பதிவேட்டில் ஐ.எல்.டி. (நுரையீரல் திசு அழற்சியாகித் தழும்பேறும் நோய்க் கூட்டம்) நோயாளிகள் 1,084 பேரில் 47 சதவீதத்துக்கு இந்த வகைதான், அங்கே ஏர் கூலர் பெரிய காரணமாக இருந்தது. பி.ஏ.எல். எடுக்கச் சொன்னால் என் நோயாளிகள் பாதிப் பேர் போவதில்லை, ஒரு நாள் கூலி போய்விடுமே. சாம்பிள் ஏன் வரவில்லை என்று லேபில் உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

வெண்ணாற்றுக்காரி:
டாக்டர் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டேன். போன மாசியில் அப்பா போரைப் பிரித்த அன்று ராத்திரி காய்ச்சல், மூன்றாம் நாள் சரியானது. அதற்கு முந்தின வருஷமும் அப்படித்தானாம். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று கஷாயம் வைத்துக் கொடுத்திருக்கிறோம். லேபில் இருக்கும் பெண்ணிடமும் கேட்டேன், போன மாதம் ஆறு சாம்பிள், ப்ராஜெக்ட் இன்னும் ரெண்டு வருஷம் எட்டு மாதம். சேர்கிறேன் என்று மெயில் போட்டுவிட்டேன். மன்னை எக்ஸ்பிரஸில் ரெண்டு டிக்கெட் போடலாம், ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றால், குறுவை அறுப்பு முடியட்டும் என்கிறார் அப்பா.

நெஞ்சுமருத்துவர்_தஞ்சை:
முடியட்டும், ஆனால் வைக்கோலை வேறு யாராவது உதறட்டும்.