வடிகட்டி போட்டால் நிலக்கரி சுத்தமாகிவிடுமா?

ஹட்டன் தங்கச்சி:
நுரைச்சோலை 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையத்துக்கு நல்ல வடிகட்டி போட்டால் "சுத்தமான நிலக்கரி" ஆகிவிடும் என்கிறார்கள், உண்மையா? தோட்ட லயத்து வீடுகளின் தகரக் கூரையில் சோலார் போடுவதே மேல் என்று எனக்குப் படுகிறது.

தலவாக்கலையான்:
இல்லை தங்கச்சி. வடிகட்டி சாம்பலைப் பிடிக்கும், கந்தகத்துக்குத் தனிக் கருவி உண்டு, ஆனால் கரியமிலவாயு புகைபோக்கி வழியாகப் போய்க்கொண்டேதான் இருக்கும். அதையும் பிடிக்கலாம், அப்புறம் நிலையத்துக் கரண்டிலேயே ஒரு பங்கு அதற்குப் போய்விடும்.

நானுஓயா:
சரி, ஜூலையில் இங்கே வந்து பாருங்கள் அண்ணா. மூன்று நாளாகக் கொடியில் கிடக்கும் கம்பளியே காயவில்லை, சோலார் எவ்வளவு தரும்?

தலவாக்கலையான்:
தம்பி, அந்த மழைதானே மேல்கொத்மலையில் 150 மெகாவாட் நிலையத்தை ஓட்டுகிறது! வெயிலுக்கு சோலார், மழைக்குத் தண்ணீர். ஆனால் அந்த நிலையத்துக்குத் தண்ணீரைத் திருப்பியதில் சென் கிளேயர் அருவி மெலிந்துபோனதை நினைத்தால் இன்னும் மனசு கேட்கவில்லை.