புதுப்பிப்பு: ஸ்வெட்டர் இறுக்கமானதற்குக் காரணம் தெரிந்துவிட்டது

பின்னுகிற ஸ்வெட்டர் ஏன் இறுக்கமாக வருகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன் அல்லவா? காரணம் பிடிபட்டது. டிசைன் கேட்டது 10 செ.மீ. அகலத்துக்கு 20 கண்ணி (பின்னலில் விழும் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி). என் கையில் விழுந்தது 22. இரண்டுதானே என்று விட்டிருந்தேன். ஆனால் 200 கண்ணிக்கு 100 செ.மீ. வர வேண்டிய சுற்றளவு 91 செ.மீ.தான் வரும்!

முழுவதும் பிரித்தேன். மனசு வலித்தது. பிரித்த நூல் சுருள் சுருளாக நின்றது. சிட்டமாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றி, தண்ணீரில் ஊறவைத்துத் தொங்கவிட்டதும் நேராகிவிட்டது. அப்புறம் 4 மி.மீ. ஊசிக்குப் பதில் 4.5 எடுத்து, மாதிரித் துண்டு பின்னி, அலசிக் காயவைத்து அளந்தேன். சரியாக 20. அலசாமல் அளப்பதை இனி நம்பமாட்டேன். சில கம்பளி நூல்கள் ஈரம் பட்டால் நன்றாகவே தளர்ந்துவிடும். இப்போது அக்குள் வரை வந்தாயிற்று.

கூடவே பின்னிவரும் லேஸ் (துளைத் துளையான பின்னல்) சால்வையில் 12 வரிசைக்கு ஒருமுறை, வேறு நிறத்தில் மெல்லிய பருத்தி நூலைக் கண்ணிகளுக்குள் கோத்து வைக்கிறேன். நேற்று ஒரு கண்ணி நழுவியபோது அந்த நூல் வரை பிரித்தால் போதுமாக இருந்தது. இந்த யோசனையைச் சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி.

காலுறையில் ஒன்று முடிந்தது. அடுத்ததை ஸ்வெட்டர் கை முடிந்த பிறகுதான் தொடங்குவேன்.